சம்பந்தி அனுப்பிய பலகைகள்

என் முட்டாள்தனத்தை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கொஞ்சம் மரியாதை. குளிர்பெட்டியின் மேல்தட்டைத் தவிர வேறெங்கும் பனியைப் பார்த்திராத நான், நார்வே நாட்டுக்காரர் ஒருவரிடம், குளிர்காலம் முழுக்கப் பலகைமேல் வழுக்கிப்போய் உடம்பைக் காப்பாற்றிக்கொள்கிற ஆள் நானும்தான் என்று சொல்லிவிட்டேன். அவர் என் சம்பந்தி. வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் மறுநாளே மறந்துபோயிருக்கும்.

எனக்கு ஐம்பத்தொன்பது வயது. புக்கிட் ரோத்தானுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில், பழக்குலை ஏற்றி வரும் லோரிகளை நிறுக்கிற வேலை. லோரி எடைமேடைமேல் ஏறும், எண் தெரியும், எழுதுவேன், லோரி இறங்கும். நான் மட்டும் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. இருபத்தாறு வருடமாக ஒரே நாற்காலி. உட்கார்ந்தே இவ்வளவு களைத்துப்போக முடியுமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இன்னொரு நாற்காலி. மழைக்காலத்தில் அதிலிருந்து எழுந்திருக்க எனக்குக் காரணமே அகப்படாது.

மகள் படிக்கப் போன ஊரிலேயே வேலை பார்த்து, அங்கேயே ஒரு பையனைப் பிடித்து, அங்கேயே தேவாலயத்தில் கல்யாணமும் செய்துகொண்டாள். நாங்கள் கைப்பேசியில் கலந்துகொண்டோம். அதனால் சம்பந்தி என்னை நெஞ்சுக்கு மேலேதான் பார்த்திருக்கிறார். நெஞ்சுக்குக் கீழே இருந்த வயிறும் கைலியும் அவர் அறியாதவை.

போன வருடம் அங்கே குளிர் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயங்கால ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்த நேரத்தில் மகள் கூப்பிட்டாள். பக்கத்தில் சம்பந்தி, முகமெல்லாம் சிவந்து, தொப்பியில் பனி ஒட்டி நின்றார். எழுபத்தொரு வயது. கையில் இரண்டு நீளக் கம்புகள்.

"அப்பா, மாமா இப்பதான் பதினஞ்சு கிலோமீட்டர் போயிட்டு வந்திருக்காரு. வின்டர்னா ஒரு நாள்கூட விடமாட்டாரு. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு கேக்குறாரு."

பெண்ணைக் கொடுத்தவன் பையனின் தகப்பனுக்கு ஒரு படி கீழேதான் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் எழுதாத சட்டம். எங்கள் சபைக் கல்யாணங்களில் பையனின் அப்பா இருமினாலே பெண் வீட்டார் நான்கு பேர் தண்ணீரோடு ஓடுவார்கள். நார்வேக்காரருக்கு இந்தச் சட்டம் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. ஒரு படி கீழே நிற்பதில் எனக்கு வருத்தமில்லை. சீக்காளியாக நிற்கக்கூடாது, அவ்வளவுதான். பெண் வீட்டில் வியாதி என்று தெரிந்தால் பேச்சு பெண்ணுக்குத்தான் வரும். எனக்கு அப்போதே ரத்தத்தில் சர்க்கரை பதினொன்று; எங்கள் ஊர்க் கணக்கில் ஏழைத் தாண்டினாலே வியாதி.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஆற்று முகத்துவாரம் ஞாபகம் வந்தது. கோலா சிலாங்கூரில் தண்ணீர் வற்றும்போது, மட்டி பொறுக்குகிறவர்கள் ஒரு பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு காலால் சேற்றை உந்தி உந்தி வெகுதூரம் வழுக்கிப் போவார்கள். பாலத்தில் மோட்டார்சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். பார்த்ததோடு சரி.

"எங்க ஊர்ல பனி இல்ல, சேறு. நானும் பலகைலதான் போவேன்னு சொல்லு. மழைக்காலம் பூரா."

"அப்பா."

"சொல்லும்மா, பெரியவரு காத்திருக்காருல்ல."

சொன்னாள். சம்பந்தி கம்புகளைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார். அவர் வாழ்க்கையில் சேற்றில் சறுக்கும் மனிதனை அதுவரை சந்தித்ததில்லையாம். சமையலறையில் என் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

இந்த வருடம் மகள் பிள்ளை உண்டானாள். தை பிறக்கும் சமயத்தில் பிரசவம். முதல் பிரசவத்தை அம்மாதான் பார்க்க வேண்டும். மகள் இங்கே வர முடியாது, அதனால் அம்மா அங்கே போக வேண்டும். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விமானம், திரும்பி வர இரண்டு மாதம். எனக்கு அவ்வளவு நாள் லீவு கிடையாது. என் மனைவி அந்த டிக்கெட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

காரணம் இருந்தது. முந்தின வருடம் தன் தங்கை ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று அவள் பத்து நாள் ஈப்போ போயிருந்தாள். அந்தப் பத்து நாளில் நான் மூன்று வேளையும் எண்ணெய் வழிகிற ரொட்டி சானாயும் இனிப்புத் தேநீர் தே தாரிக்குமாக வாழ்ந்து, எட்டாம் நாள் வேலை செய்யும் இடத்திலேயே மயங்கி விழுந்தேன். லோரி டிரைவர்கள் இரண்டு பேர் தூக்கியிருக்கிறார்கள். எடைமேடை வழியாகத் தூக்கிக்கொண்டு போனபோது ஒருவருக்கு மூச்சு வாங்கியதாம். அங்கேயே கீழே கிடத்திவிட்டார்கள். கருவி தன் கடமையைச் செய்தது. என் எடை ஆலைக்கே தெரிந்தது அப்படித்தான்.

"டிசம்பர்ல கிளினிக் இருக்குல்ல. வெறும் வயித்துல சர்க்கரை எட்டுக்குக் கீழ வந்தா நான் போறேன். வரலன்னா டிக்கெட்ட திருப்பி அனுப்பச் சொல்லிடுறேன்" என்றாள் மனைவி.

"அவளுக்குப் பிரசவம் யாரு பாக்குறது?"

"அத நீங்க யோசிங்க."

யோசித்தேன். பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் விடியுமுன்னே அடுப்பு முன் நிற்கிறவள் அவள். முப்பது வருடத்தில் அவள் கேட்டது இந்த ஒரு பயணம்தான். அது என் ரத்தத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் தாமானில் வீடுகளுக்கு நடுவிலிருந்த திடல் குளமாகியது, பின்னாலிருக்கும் கால்வாய் ரோட்டுக்கு வந்து எட்டிப்பார்த்தது. நான் நாற்காலிக்குத் திரும்பினேன். உண்மையில் மழை வந்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான்.

அந்த வாரம்தான் பெட்டி வந்தது. கொண்டுவந்த பையன் அதை வேனிலிருந்து குறுக்கே இழுத்து இறக்கினான். ஆள் நீளத்துக்கு மேலே ஓர் அட்டைப் பெட்டி. எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் திரைக்கு வாங்கிய கம்பி என்று நினைத்தார்கள். உள்ளே இரண்டு நீண்ட மெல்லிய பலகைகள், முனை மேல்நோக்கி வளைந்து, இரண்டு கம்புகள், ஒரு ஜோடி பூட்ஸ், சம்பந்தியின் கையெழுத்தில் ஒரு தாள். மகள் போனில் படித்துச் சொன்னாள்: இவை அவருடைய பழைய பலகைகள், இருபது குளிர்காலம் உழைத்தவை, இப்போது புதிது வாங்கிவிட்டாராம். சேறு கெட்டியாக இருக்கும் நாட்களில் இவை உதவலாம். ஓட்டுவதை ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

"சம்பந்தி வீட்லேருந்து வந்த சீரு" என்றேன் மனைவியிடம்.

"எங்க வைக்கிறது?"

நல்ல கேள்வி. எங்கள் வீட்டில் அதை நேராக நிறுத்த ஓர் அறை இல்லை. கடைசியில் கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் படுக்கப் போட்டோம். பூட்ஸ் எனக்கு மூன்று அளவு பெரியது.

மனைவியின் தம்பி, என் மச்சான், சுங்கை பெசாரில் அரிசி ஆலைக்கு லோரி ஓட்டுகிறான். சனிக்கிழமை சாப்பிட வந்தவன் சோபாவுக்குப் பின்னால் எட்டிப்பார்த்தான்.

"மச்சான், இது என்னா, குலை அறுக்குற கம்பா? தட்டையா இருக்கே."

விஷயத்தைச் சொன்னேன். அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பிறகு நிறுத்திய இடத்திலிருந்து சாப்பிட்டுக்கொண்டே யோசித்தான்.

"சேத்துல இது போவாது லா. புதைஞ்சிரும். உமில போவும்."

"உமியா?"

"எங்க மில்லு பின்னால மலை மாதிரி கெடக்கு. மேல ஏறுனா கால் நிக்காது, வழுக்கிக்கிட்டே போவும். அது நம்ம ஊரு பனி மச்சான். நான் ஒரு லோடு கொண்டாந்து கொட்டுறேன், நீங்க சம்பந்திக்குப் படம் காட்டுங்க."

"வேணாம்டா."

"அக்கா பிரசவம் பாக்கப் போவணுமா வேணாமா?"

இரண்டு காரியத்துக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்றைச் செய்கிறோம் என்ற தெம்பு வந்தது. சோம்பேறிக்கு ஏற்பாடு செய்வதில் இருக்கிற உற்சாகம் காரியத்தில் இருக்காது.

அடுத்த சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையோரம் இருந்த பாதையில் மச்சான் உமியைக் கொட்டி, மண்வெட்டியால் இழுத்துப் பரப்பினான். வெளிர்மஞ்சளாய் ஐம்பது அடி நீளம். காற்றில் பறந்து மூக்கெல்லாம் ஏறியது. பூட்ஸுக்குள் பழைய தமிழ்ப் பத்திரிகைகளைத் திணித்துக் காலை நுழைத்தேன். பலகையில் பூட்ஸின் நுனியை மாட்டுவதற்கே இருபது நிமிடம் ஆயிற்று. குனிந்தால் வயிறு மறைத்தது. மச்சான்தான் மண்டியிட்டு மாட்டிவிட்டான்.

"பரிசுத்தவான் மாதிரி நிக்கிறீங்க. தள்ளுங்க."

தள்ளினேன். நம்ப மாட்டீர்கள், போனது. இடது பலகை ஒரு முழம், வலது ஒரு முழம், மறுபடி இடது. ஐந்தாறு அடி இருக்கும். உமி கிசுகிசுவென்று பேசியது. இத்தனை வருடமாகச் சுமந்த உடம்பை யாரோ கொஞ்ச நேரம் கையில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. எழுபத்தொரு வயதுக் கிழவர் ஏன் தினமும் போகிறார் என்பது அந்த ஐந்தாறு அடியில் எனக்குப் புரிந்தது. பிறகு பாதை கால்வாய்ப் பக்கம் சரிந்தது, பலகைகளும் சரிந்தன. எப்படி நிறுத்துவது என்று தாளில் எழுதவில்லை. நான் உட்கார்ந்து நிறுத்தினேன். உட்கார்ந்தது உமியில் அல்ல, அதற்குப் பக்கத்திலிருந்த சிமெண்ட் விளிம்பில்.

சமையலறை ஜன்னலிலிருந்து என் மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலும்பு இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"அப்ப உள்ள வாங்க."

அன்றைக்கே மழை திரும்பி வந்தது. உமி ஊறிக் கஞ்சியாகி, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்கு இரண்டு நாள் பொழுதுபோக்காக இருந்து, கால்வாயோடு போயிற்று. மச்சான் எடுத்த படத்தில் விழுந்த பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினோம். சம்பந்தியிடமிருந்து பதில் வந்தது: முழங்கால் இன்னும் மடங்க வேண்டும், உங்கள் ஊர்ச் சேறு மிகவும் உலர்ந்து தெரிகிறது. மூன்று நாள் நான் குப்புறப் படுத்தேன். குப்புறப் படுத்தவனுக்கு நாற்காலியும் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்து, முகம் கழுவி, உட்காராமலே இரண்டு குடைகளை எடுத்தாள்.

"எழுந்திருங்க."

"மழை பெய்யுதே."

"பெய்யட்டும். அந்தப் பெரியவரு பனி பெய்யிதுன்னு வீட்லயா இருக்காரு?"

அப்படித்தான் ஆரம்பித்தோம். தினமும் சாயங்காலம், தாமானைத் தாண்டி, முன்பு தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகள் இருந்த மேட்டு வழியாகச் செம்பனைக் காட்டு ஓரம் வரை போய்த் திரும்புவது. நாற்பது நிமிடம். பெரிதாக ஒன்றுமில்லை, அதனால்தான் அது கஷ்டம். பலகையில் போனதற்காவது சிரிக்க ஆள் இருந்தது. நனைந்த செருப்பு சொதசொதவென்று சத்தம் போட, கைலி முழங்காலில் ஒட்ட, மாடுகள் ரோட்டில் படுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க, இரண்டு களைத்த மனிதர்கள் முன்பின்னாக நடப்பதில் எந்தக் கதையும் இல்லை. அவள் முன்னால், நான் பின்னால். பல நாள் அவள் நடக்கும்போதே தூங்குகிறாளோ என்று சந்தேகமாக இருக்கும். காலையிலிருந்து அடுப்பு முன் நின்ற கால்கள் அவை. என் சர்க்கரைக்காக அவள் கால் நடக்கிறது என்று நினைத்தால் வெட்கமாக இருந்தது. வெட்கம் இருந்தால் வேகமாக நடந்திருக்க வேண்டும், அதுவும் இல்லை.

"கொஞ்சம் நில்லு, மூச்சு வாங்குது."

"பேசாம வந்தா வாங்காது."

வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. பதினொன்று பத்தானது. பத்து ஒன்பதானது. டிசம்பர் பிறந்து, வீடெல்லாம் அச்சு முறுக்கு வாசனை. அவள் சபைக்காரர்களுக்காகச் சுட்டு டின்னில் போட்டு, டின்னை அலமாரியில் பூட்டி, சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். கிளினிக்குக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏழு புள்ளி ஆறு காட்டியது. அவள் அந்த எண்ணை இரண்டு முறை பார்த்தாள். பிறகு போய், கட்டிலுக்கு அடியிலிருந்த பயணப் பெட்டியை இழுத்துத் துடைத்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் பெட்டி நிறைந்தது. சுக்கு, பூண்டு, பெருங்காயம், பிள்ளைக்குச் சுற்ற என் பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள், அவளுக்கென்று மச்சான் வாங்கித் தந்த தடித்த குளிர்ச்சட்டை. வேலைக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் பெட்டியை ஓரக்கண்ணால் பார்ப்பேன். அது நிறைய நிறைய வீடு காலியாகிற மாதிரி இருந்தது. இரண்டு மாதம். யார் என்னைத் திட்டுவார்கள்? சாயங்காலம் கதவைத் திறந்தால் விளக்கு எரியாது. இந்த வயதில் இப்படியெல்லாம் யோசிக்கிறவன் ஆம்பளையா என்று என்னையே கேட்டேன். பதில் சாதகமாக இல்லை.

கிளினிக்குக்கு மூன்று நாள் முன்னால், வேலை முடிந்து வரும் வழியில் ஆலை முச்சந்திக் கடையில் நிறுத்தினேன். தே தாரிக், கெட்டிப் பால் தூக்கலாக. நான்கு பீசாங் கோரேங், மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழம். பசி இல்லை. ஆசையும் இல்லை. மருந்து சாப்பிடுகிறவன் மாதிரி சாப்பிட்டேன். மறுநாளும். அதற்கு மறுநாளும். மூன்று நாளும் வீட்டுக்கு வந்து, குடையை எடுத்துக்கொண்டு, அவள் பின்னால் ஒழுங்காக நடந்தேன்.

கிளினிக்கில் ஒன்பது புள்ளி நான்கு வந்தது. சின்ன வயதுப் பெண் டாக்டர், மலாய்க்காரப் பிள்ளை. நல்லபடியாகத்தான் சொன்னாள்: முன்னைக்கு இது பரவாயில்லை, மாத்திரையைக் கொஞ்சம் கூட்டலாம், பயப்பட ஒன்றுமில்லை. என் மனைவி தலையாட்டினாள். எட்டு என்பது டாக்டர் வைத்த கணக்கல்ல, அவள் வைத்தது. அதைப் பற்றி டாக்டரிடம் பேச ஒன்றுமில்லை.

காரில் ஏறினோம். மழை. நான் ஓட்டினேன். புக்கிட் ரோத்தானுக்கு வரும் வழியில் ஒரு லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தோம். அவள் கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மகளின் எண்ணைத் தேடினாள்.

"என்ன பண்ற?"

"டிக்கெட்ட திருப்பச் சொல்லணும்ல. இப்ப சொன்னாத்தான் அதுங்க வேற ஆளு பாக்கும்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். வெறும் அலுப்பு, தட்டு கழுவும்போது பேசுகிற குரல். காரை ஓரமாக, ஒரு பழக்கடையின் தகரக் கூரைக்கு முன்னால் நிறுத்தினேன்.

"போன வை."

"ஏன்?"

சொன்னேன். முச்சந்திக் கடை, மூன்று நாள், நான்கு நான்காகப் பன்னிரண்டு வாழைப்பழத் துண்டுகள். எதையும் குறைக்கவில்லை. கடைக்காரன் மூன்றாம் நாள் கேட்காமலே கொண்டுவந்து வைத்ததைக்கூடச் சொன்னேன். ஒருவேளை அவள் சிரிப்பாளோ என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சேலை முந்தானையால் துடைத்து, மறுபடியும் மாட்டிக்கொண்டாள். மழை கார்க் கண்ணாடியில் வழிந்தது. பழக்கடைக்காரர் நாங்கள் வாங்க வந்தவர்கள் என்று நினைத்து ஒரு பையை உதறி விரித்தார்.

"ஏழு புள்ளி ஆறு வந்திச்சே" என்றாள்.

"வந்திச்சி."

"அப்ப உங்களால முடியும்."

"முடியும். அதான் செஞ்சேன்" என்றேன். அது பதிலே இல்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. "இந்தா பாரு, ரெண்டு மாசம் நீ இல்லாத வீட்ட நெனச்சேன். எனக்குப் பயமா இருந்திச்சி."

அவள் கைப்பேசியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"பயந்துக்கிட்டே இருங்க, நான் போயிட்டு வந்துடுறேன்."